நடுக்குவாதமும் மறுவாழ்வுச் சிகிச்சையும்

நோய்களில் சில மருந்துக்குக் கட்டுப்பட்டு முற்றிலும் நீங்கிவிடுகின்றன. வேறு சில மெல்ல மெல்ல வளர்ந்து, நோயாளியின் வாழ்நாள் முழுவதும் உடனிருக்கின்றன. நரம்பு மண்டலத்தைப் பற்றும் நோய்கள் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. "தீராத நோய்க்குப் பயிற்சி எதற்கு?" என்று வீட்டார் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விஞ்ஞானம் தரும் விடையை, நடுக்குவாதத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்குவோம்.

பெயரும் நோயும்

1817-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் அவர் பெயராலேயே இது பார்க்கின்சன் நோய் எனப்பட்டது. நடுக்குவாதம் என்னும் தமிழ்ப் பெயர் நடுக்கத்தையே சுட்டுகிறது. ஆனால் நோயாளியை முடக்குபவை பெரும்பாலும் அசைவுகள் மந்தமாதலும், தசைகள் விறைத்தலும், சமநிலை தவறுதலுமே. நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உளர். நடக்கையில் ஒரு கை வீசாதிருத்தல், குரல் தாழ்தல், கையெழுத்து வரவரச் சிறுத்தல் ஆகியவை தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றை முதுமையின் விளைவு என்று தள்ளிவிடுவதால் காலம் வீணாகிறது.

நடுமூளையில் கருநிறம் கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள செல்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளை உண்டாக்குகின்றன. அச்செல்கள் அழிவதால், நாம் நினையாமலே நிகழும் பழக்க அசைவுகள் குன்றுகின்றன. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா, 1960-களில் இந்நோய்க்கு மருந்தாயிற்று. அதற்கு முன்பே, 1937-இல், சென்னையில் எம். தாமோதரனும் ஆர். இராமசுவாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்திருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. எனினும், விதையில் அதன் அளவு ஒரு சீராக இராது. ஆகவே மருத்துவர் அளித்த மருந்தை நிறுத்திவிட்டு விதையை உட்கொள்ளுதல் கூடாது.

திருவனந்தபுரத்து நிலையம்

திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையம் மத்திய அரசின் விஞ்ஞான, தொழில்நுட்பத் துறையைச் சார்ந்தது. 1980-ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாக அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாயிற்று. அசைவுக் கோளாறுகளுக்கென அங்கு ஒரு முழுமைப் பராமரிப்பு மையம் உள்ளது. மருந்து மட்டும் போதாத சில நோயாளிகளுக்கு, மூளையின் உட்பகுதியில் மின்முனைகளைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையும் அந்நிலையத்தில் செய்யப்படுகிறது. ஆயினும் மருந்தாலும் அறுவையாலும் கிட்டிய பயன் நடையிலும் பேச்சிலும் உணவிலும் நிலைபெற வேண்டுமாயின், நாள்தோறும் பயிற்சி தேவை. அப்பயிற்சியின் பெரும்பகுதி வீட்டிலேயே நடைபெற வேண்டியது.

பயிற்சி பயன்தருவது எவ்வாறு?

இந்நோயில் பழுதடைவது முக்கியமாகப் பழக்க அசைவின் வழி. கவனம் செலுத்திச் செய்யும் அசைவின் வழி பெரிதும் எஞ்சியிருக்கிறது. சமதரையில் கால் எடுத்து வைக்க இயலாமல் உறைந்து நிற்பவர், தரையில் குறுக்குக் கோடுகள் வரைந்துவிட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவதைக் காணலாம். கைத்தாளமும் இவ்வாறே உதவுகிறது. கோடிட்ட தாளில் எழுதச் சொன்னால் சிறுத்த எழுத்து மீண்டும் பெரிதாவதை ஆசிரியர்கள் எளிதில் உணர்வர். குரலை வேண்டுமென்றே உயர்த்திப் பேசும் பயிற்சியும் இத்தத்துவத்தைத் தழுவியதே. மருந்து நன்கு வேலை செய்யும் வேளையில் பயிற்சி செய்தல் நலம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

உறைந்து நிற்பவரைக் கைப்பற்றி இழுத்தால் அவர் விழுந்துவிடக்கூடும். முதலில் அவரை அசையாமல் நிற்கச் செய்து, உடல் எடையை ஒரு காலுக்கு மாற்றி, மற்றைக் காலால் நீண்ட அடி வைக்கச் சொல்ல வேண்டும். திரும்புகையில் ஒரே இடத்தில் சுழலாமல், அகல வளைந்து திரும்புதல் வேண்டும். வழியிற் கிடக்கும் மிதியடிகளையும் பாய்களையும் அகற்றுக.

விழுங்குவதில் ஏற்படும் இடர் விழுதலினும் கொடியது. உணவோ நீரோ மூச்சுக்குழலிற் புகுந்தால் நுரையீரல் அழற்சி உண்டாகும். இந்நோயாளிகளின் மரணத்துக்கு அது ஒரு முக்கிய காரணம். நேராக அமர்ந்து, சிறு கவளங்களாக, பேசாமல் உண்ணுதல் வேண்டும். நீர் அருந்தியதும் இருமினாலோ, குரல் கரகரத்தாலோ, தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

எல்லா நரம்பு நோய்களுக்கும் ஒரே விதி பொருந்தாது. தசைச்சிதைவு நோயில் மிகையான பயிற்சி தீங்கு செய்யலாம். நரம்புறை சிதையும் நோயில் வெப்பம் தளர்ச்சியை மிகுவிக்குமாதலால், குளிர்ந்த வேளையே பயிற்சிக்கு ஏற்றது. எந்தப் பயிற்சியையும் சிகிச்சையாளரின் அறிவுரைப்படியே தொடங்குதல் வேண்டும்.

களப்பணியாளரின் பங்கு

2008-இல் கேரள அரசு வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வகுத்தது. அதன்படி உள்ளாட்சி மன்றங்களின் துணையோடு செவிலியர் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்கின்றனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயையும் தன் பட்டியலிற் சேர்த்துள்ளது. இதனை அறியாத குடும்பங்களுக்கு எடுத்துரைத்துச் சான்றிதழ் பெறத் துணைபுரிவது களப்பணியாளரின் கடமையாகும்.

பயிற்சி நோயை நீக்குவதில்லை. ஆனால் ஒருவர் தாமே எழுந்து, தாமே உண்டு, பிறர் செவியிற் படுமாறு பேசும் ஆண்டுகளை அது நீட்டித்துத் தரக்கூடும். "தீராத நோய்க்குப் பயிற்சி எதற்கு?" என்று கேட்கும் வீட்டாருக்கு நாம் கூற வேண்டிய விடை இதுவே.