சொல்லிக் கொடுக்க முடியாத ரகசியம்: பாஸ்வேர்டின் இடத்துக்கு வரும் பாஸ்கீ

2022 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் கிளவுட்ஃப்ளேர் நிறுவன ஊழியர்களின் போன்களுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பணி அட்டவணை மாறியிருக்கிறது, இந்த லிங்க்கைத் தொட்டுப் பாருங்கள் என்றது அந்தச் செய்தி. ஒரு நிமிடத்துக்குள் குறைந்தது 76 பேருக்கு அது போய்ச் சேர்ந்தது. சிலருடைய வீட்டாருக்கும் வந்தது. லிங்க்கைத் தொட்டால், அலுவலகத்தில் வழக்கமாகப் பார்க்கும் லாகின் பக்கம் அச்சு அசலாகத் திறந்தது. இணைய முகவரியில்கூட நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்த முகவரியைத் திருடர்கள் பதிவு செய்து 40 நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

மூன்று பேர் நம்பிப் பாஸ்வேர்டை அடித்தார்கள். அடித்த கையோடு அது டெலிகிராம் வழியாகத் திருடர்களிடம் போய்விட்டது. அதை உண்மையான தளத்தில் போட்டுவிட்டு, அடுத்துத் தேவைப்படும் ஓடிபியையும் அதே போலிப் பக்கத்தில் கேட்டு வாங்குவதுதான் அவர்கள் போட்ட திட்டம்.

திட்டம் அங்கேயே நின்றுபோனது. கிளவுட்ஃப்ளேரில் ஓடிபி கிடையாது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவி ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. அது இல்லாமல், பாஸ்வேர்டு கையில் இருந்தும் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. ஏறக்குறைய அதே நாட்களில் ட்விலியோ என்ற இன்னொரு நிறுவனத்திலும் இதே வலை விரிக்கப்பட்டது. அங்கே திருடர்கள் உள்ளே புகுந்து வாடிக்கையாளர்களின் தகவல்களை எடுத்தார்கள். அதன் விளைவாகத் தங்கள் செயலியைப் பயன்படுத்தும் சுமார் 1,900 பேரின் போன் எண்கள் வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று ட்விலியோவின் வாடிக்கையாளர்களில் ஒன்றான சிக்னல் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள். இரண்டு இடத்திலும் சிலர் ஏமாந்தார்கள். ஒரு இடத்தில் மட்டும் நஷ்டம் இல்லை. அந்த வித்தியாசத்துக்குக் காரணமான தொழில்நுட்பம்தான் இன்று நம் போனுக்குள்ளேயே வந்திருக்கிறது. அதன் பெயர் பாஸ்கீ.

பாஸ்வேர்டில் என்ன குறை?

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஒரே கணினியைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்தினார்கள். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் திறக்காமலிருக்க, பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு பாஸ்வேர்டு முறையைக் கொண்டுவந்தது. கொஞ்ச காலத்திலேயே, 1962இல், ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் தனக்குக் கணினி நேரம் கூடுதலாக வேண்டும் என்பதற்காக அத்தனை பேரின் பாஸ்வேர்டுகளும் இருந்த கோப்பை அச்செடுத்துக்கொண்டார். பாஸ்வேர்டு பிறந்த இடத்திலேயே திருட்டும் தொடங்கிவிட்டது.

இன்று அதே கதை கோடிக்கணக்கில் நடக்கிறது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் களவு போயின. அவை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே சேமித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் கிட்டத்தட்ட 3 லட்சம் பேருடைய பாஸ்வேர்டு 123456. இப்படி ஒரு தளத்தில் கிடைத்ததை வேறு நூறு தளங்களில் போட்டுப் பார்ப்பது திருடர்களுக்கு அன்றாட வேலை. பெரும்பாலானோர் ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் வைத்திருப்பதால் அந்த வேலை வீண்போவதில்லை.

இதற்கெல்லாம் நாம் இதுவரை கேட்டுவந்த பதில் ஒன்றுதான்: நீங்கள் ஜாக்கிரதையாக இருங்கள். நீளமாக வையுங்கள், எண்ணும் குறியும் சேருங்கள், எங்கும் எழுதி வைக்காதீர்கள், இடத்துக்கு ஒன்றாக வையுங்கள், யாருக்கும் சொல்லாதீர்கள். இத்தனையும் செய்தவரும் ஒரு நாள் அவசரத்தில் போலிப் பக்கத்தில் அடித்துவிட்டால், "நீங்கள் பார்த்திருக்க வேண்டாமா?" என்று பழி அவர் தலையில் விழுகிறது. பணமும் போய், வெட்கத்தில் வெளியே சொல்லவும் முடியாமல் எத்தனையோ பேர் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறார்கள்.

அந்தப் பழி நியாயமில்லை. பாஸ்வேர்டைப் பயன்படுத்த வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அதை எதிரில் இருப்பவரிடம் சொல்லியாக வேண்டும். எதிரில் இருப்பது வங்கியா, வங்கி வேஷம் போட்ட திருடனா என்று அந்த நொடியில் கண்ணால் பார்த்து முடிவு செய்யும் பொறுப்பு மனிதருடையது. களைத்துப்போன, அவசரத்தில் இருக்கிற, கண் மங்கிய மனிதரும் ஒரு தடவைகூடத் தவறக் கூடாது என்பது ஏற்பாட்டின் குறை. ஓடிபியும் இதே வகைதான். அதையும் அடித்துக் காட்டியோ வாயால் சொல்லியோ கொடுத்துவிட முடியும்.

பாஸ்கீ எப்படி வேலை செய்கிறது?

பாஸ்கீயில் சொல்வதற்கு எதுவும் இல்லை. ஒரு தளத்தில் நீங்கள் பாஸ்கீ உருவாக்கும்போது உங்கள் போன் இரண்டு சாவிகளைச் செய்கிறது. இரண்டும் கணிதத்தால் பிணைந்தவை. ஒன்று தனிச்சாவி, உங்களிடமே இருப்பது. மற்றது பொதுச்சாவி, அந்தத் தளத்துக்குப் போவது. தனிச்சாவி பெரும்பாலும் 256 பிட் நீளமுள்ள ஓர் எண். எழுதினால் 78 இலக்கம் வரை போகும். பொதுச்சாவியை வைத்துக்கொண்டு தனிச்சாவியைக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிகளால் ஆகாத காரியம். இந்தக் கணித முறைக்கு 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வழி திறந்தது.

அடுத்த முறை லாகின் செய்யும்போது தளம் உங்கள் போனுக்கு ஒரு புதிய எண்ணை அனுப்புகிறது. குருட்டாம்போக்கில் அந்த நேரத்துக்கென்று உருவாக்கிய எண் அது. போன் உங்கள் கைரேகையையோ, முகத்தையோ, திரைப்பூட்டின் பின் எண்ணையோ கேட்கிறது. நீங்கள்தான் என்று தெரிந்ததும், தனிச்சாவியைக் கொண்டு அந்த எண்ணின் மீது கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. தளம் தன்னிடமுள்ள பொதுச்சாவியால் அதைச் சரிபார்க்கிறது. வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தைப் போல, பொதுச்சாவி ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே உதவும். மாதிரியைப் பார்த்து எழுதிப் பழகும் வழி மட்டும் இதில் கிடையாது. அந்தக் கையொப்பம் அந்த ஒரு எண்ணுக்கு மட்டுமே செல்லும் என்பதால், நடுவில் யாரும் பிடித்து வைத்தாலும் மறுமுறை உதவாது.

இதில் மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, தளத்தின் சர்வரையே திருடர்கள் சூறையாடினாலும் கிடைப்பவை பொதுச்சாவிகள் மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கிலும் நுழைய முடியாது. இரண்டாவது, உங்கள் கைரேகை அந்தத் தளத்துக்குப் போவதில்லை. போனைத் திறக்க விரல் வைக்கும்போது நடக்கும் அதே சரிபார்ப்புதான் இங்கும் போனுக்குள்ளேயே நடந்து முடிகிறது.

மூன்றாவதுதான் கிளவுட்ஃப்ளேரைக் காப்பாற்றியது. ஒவ்வொரு பாஸ்கீயும் அது உருவான தளத்தின் இணைய முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது. எந்த முகவரியில் நிற்கிறோம் என்பதைப் பிரவுசரே பார்க்கிறது. நிறத்திலும் எழுத்திலும் போலிப் பக்கம் எவ்வளவு ஒத்திருந்தாலும், முகவரியில் ஓர் எழுத்து மாறினால் போதும். அந்த முகவரிக்குப் பாஸ்கீ எதுவும் இல்லை என்று போன் சும்மா இருந்துவிடும். மனிதர் ஏமாந்தாலும் போன் ஏமாறாது. கிளவுட்ஃப்ளேர் அந்த மூன்று ஊழியர்களையும் கண்டிக்கவில்லை. நடந்ததை முழுவதும் பொதுவில் எழுதியது. தவறு செய்யும் மனிதரை மனதில் வைத்துக் கட்டிய ஏற்பாடு கைவசம் இருந்ததால் அந்தப் பெருந்தன்மையும் சாத்தியமாயிற்று.

எங்கெல்லாம் வந்துவிட்டது?

இதற்கான பொது விதிமுறைகளை வகுக்கும் ஃபிடோ கூட்டமைப்பு 2013இல் வெளியுலகுக்கு அறிமுகமானது. இணையத்தளங்களுக்கான விதிமுறை 2019 மார்ச்சில் அதிகாரபூர்வமானது. ஆரம்பத்தில் தனியாகக் காசு கொடுத்துச் சாவிக் கருவி வாங்க வேண்டியிருந்ததால் சாதாரண மக்களிடம் அது வந்து சேரவில்லை. 2022 மே மாதத்தில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரவை விரிவாக்கப்போவதாக அறிவித்த பிறகு, போனே சாவிக் கருவியாக மாறியது. ஆண்ட்ராய்டு 9, ஐஓஎஸ் 16 அல்லது அதற்குப் பிந்தைய போன்களில் இந்த வசதி உண்டு. கூகுள் கணக்குகளுக்கு 2023 மே மாதத்தில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமேசானும், ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப்பும் சேர்ந்தன. 2025 மே முதல், புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்குகளைப் பாஸ்வேர்டே இல்லாமல் திறக்கும் முறைக்கு மைக்ரோசாஃப்ட் மாறிவிட்டது.

இந்தியாவில் இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்துவது பெரும்பாலும் எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பியே நடந்துவந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிமுறைகள், இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, எஸ்எம்எஸ் ஓடிபி தவிர்த்த மற்ற முறைகளுக்கும் இடம் கொடுத்திருக்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. வழி திறந்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு விழிப்புணர்வுச் செய்தி அனுப்புவதோடு நில்லாமல், அவர் ஏமாந்தாலும் பணம் போகாத ஏற்பாட்டைக் கட்டிக் கொடுப்பது வங்கிகளின் கடமை.

போன் தொலைந்தால்?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. ஆண்ட்ராய்டு போனில் பாஸ்கீகள் வழக்கமாகக் கூகுளின் பாஸ்வேர்டு மேலாளரில் சேமிக்கப்படுகின்றன. ஐபோனில் ஐகிளவுட் கீசெயினில். நிறுவனமே படிக்க முடியாதபடி பூட்டப்பட்ட நிலையில்தான் அவை அங்கே இருக்கின்றன. புதிய போன் வாங்கி அதே கணக்கில் நுழைந்து, பழைய போனின் திரைப்பூட்டு எண்ணையோ அதற்கென வைத்த பின் எண்ணையோ கொடுத்தால் பாஸ்கீகள் திரும்பி வந்துவிடும். ஆகவே உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை மீட்கும் வழியைத்தான் முதலில் பலப்படுத்த வேண்டும். மாற்று போன் எண்ணும் மாற்று மின்னஞ்சலும் இன்றும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். கூகுளில் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களுக்கு 10 மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும். அவற்றைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

வேறொருவர் கணினியில் உங்கள் கணக்கைத் திறக்க வேண்டியிருந்தால், திரையில் தோன்றும் க்யூஆர் கோடை உங்கள் போனால் ஸ்கேன் செய்யலாம். போனும் கணினியும் பக்கத்தில் இருக்கின்றனவா என்று புளூடூத் மூலம் சரிபார்க்கப்படும். எங்கோ இருக்கும் திருடன் இந்தக் கோடைப் படமாக அனுப்பி உங்களை ஸ்கேன் செய்ய வைத்தாலும் அது பலிக்காது. ஆனால் பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ உள்ள கணினியில் புதிதாகப் பாஸ்கீ உருவாக்கவே கூடாது. அந்தச் சாவி அந்தக் கணினியில் தங்கிவிடும்.

எது தீராது?

பாஸ்கீ வைத்துவிட்டால் எல்லாக் கவலையும் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பல தளங்கள் பாஸ்கீயோடு பழைய பாஸ்வேர்டையும் வைத்திருக்கின்றன. "வேறு வழியில் நுழைக" என்ற அந்தப் பின்வாசல் திறந்திருக்கும்வரை திருடன் அந்தப் பக்கம் வருவான். பாஸ்கீ இருக்கும் தளம் திடீரென்று பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கேட்டால், நின்று முகவரியைப் பாருங்கள்.

உங்கள் திரைப்பூட்டு எண் 1234 என்றால் அத்தனை பாஸ்கீகளுக்கும் பூட்டு 1234தான். அந்த எண் தெரிந்த யாரும், வீட்டுக்குள் இருப்பவரே ஆனாலும், உங்கள் கணக்குகளைத் திறக்க முடியும். போலீஸ் என்று சொல்லி மிரட்டி, நம் கையாலேயே பணத்தை அனுப்ப வைக்கும் மோசடியைப் பாஸ்கீ தடுக்காது. யாரோ சொன்னார்கள் என்று திரையைப் பகிரும் செயலியை நிறுவினால் அதையும் தடுக்காது. ஆப்பிளிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுபவர்கள் பாஸ்கீகளைக் கூடவே எடுத்துச் செல்வது இன்னும் எளிதாகவில்லை. அதற்கான பொது விதிமுறையின் வரைவை ஃபிடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்டது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களையும் குடும்பத்துக்கே ஒரு போன் வைத்திருப்பவர்களையும் விட்டுவிட்டு இந்த மாற்றத்தை எந்த நிறுவனமும் கட்டாயமாக்கக் கூடாது.

எங்கே தொடங்குவது?

மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் பெரும்பாலும் அங்கேதான் வரும் என்பதால் அது போனால் எல்லாம் போகும். முதலில் போனின் திரைப்பூட்டு எண்ணை ஆறு இலக்கமாக மாற்றுங்கள். பிறந்த தேதி வேண்டாம். பிறகு ஜிமெயிலில் உங்கள் படத்தைத் தொட்டு, கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தில் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே பாஸ்கீக்கான வரி இருக்கும். தொட்டு, விரலை வைத்தால் வேலை முடிந்தது. வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் கணக்கு என்ற பகுதியில் இதே வசதி இருக்கிறது. போனை விற்கும்போதோ கைமாற்றும்போதோ, அந்தப் போனுக்குரிய பாஸ்கீ ஏதும் கணக்குப் பட்டியலில் இருந்தால் நீக்கிவிட்டு, போனையும் முழுமையாக அழித்துக் கொடுங்கள்.

அடுத்து வீட்டுப் பெரியவர்கள். அவர்களுடைய பாஸ்வேர்டைப் பிள்ளைகளோ பக்கத்து வீட்டுப் பையனோ வைத்திருப்பது நம் ஊரில் சாதாரணம். பாஸ்கீ வந்தால் அவர்கள் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. போனைத் திறக்கத் தெரிந்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள். அவசரத்துக்கு என்று உங்கள் விரலையும் அந்தப் போனில் பதிந்துகொள்ளாதீர்கள். அவர்கள் பணமும் கடிதமும் அவர்கள் கைக்கு மட்டுமே திறக்க வேண்டும்.