உங்களுக்குத் தெரியுமா? – கோழி ஈரல் சூப்

● கோழிக்குப் பல் கிடையாது. கொத்தி விழுங்கியதை அரைத்துக் கொடுப்பது இரைப்பைதான். மேய்ந்து வளர்ந்த நாட்டுக்கோழியின் இரைப்பையைக் கீறிப் பாருங்கள்: பாதி அரைபட்ட நெல், புல், மணல், பொடிக்கற்கள் எல்லாம் இருக்கும். அந்தக் கற்கள்தான் அதன் பற்கள். உட்புறம் ஒட்டியிருக்கும் மஞ்சள் தோலை நகத்தால் நெம்பி இழுத்தால் உரிந்து வந்துவிடும். அதை உரிக்காமல் சூப் வைக்கக் கூடாது.

● அந்த மஞ்சள் தோலையும் சீனர்கள் வீணாக்குவதில்லை. உலர்த்திப் பொடித்து, செரிமானக் கோளாறுக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். பெயர் ஜி நெய் ஜின்.

● இரத்தசோகைக்கு ஈரல் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. அன்று உயிரைக் குடித்துவந்த ஒருவகை இரத்தசோகையை ஈரல் உணவால் கட்டுப்படுத்தலாம் என்று காட்டிய விப்பிள், மைனாட், மர்ஃபி என்ற மூன்று அமெரிக்கர்கள் 1934இல் மருத்துவத்துக்கான பரிசைப் பெற்றார்கள். ஈரலில் இருந்த அந்தச் சத்து வைட்டமின் பி12. அதைப் பிரித்தெடுக்க 1948 வரை ஆயிற்று.

● இதே கதையின் இன்னொரு கிளை நம் ஊரிலும் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாய் ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளை வாட்டிய இரத்தசோகையை ஆராய 1928இல் இந்தியா வந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை செய்தார். 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறும் ஈரல் சாறும் அந்தப் பெண்களைத் தேற்றின. இன்று கர்ப்பிணிகளுக்குத் தரும் ஃபோலிக் அமில மாத்திரைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. திருவல்லிக்கேணிப் பக்கம் போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

● 100 கிராம் கோழி ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்புச்சத்து. அதே எடை நெஞ்சுக்கறியில் 1 மில்லிகிராம்கூடத் தேறாது.

● சூப் கெட்டுப்போவது பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைப்பதால்தான். இரைப்பை முழுக்க முழுக்கத் தசை; மெதுவாகத்தான் இளகும். அதனால் முதலில் அதை நறுக்கி, தட்டிய சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சள்தூளுடன் குக்கரில் ஆறேழு விசில் விடுங்கள். நாட்டுக்கோழி என்றால் இன்னும் இரண்டு. இதயத்தைப் பிளந்து உறைந்த இரத்தத்தைக் கழுவி எடுத்துவிட்டு, இரைப்பையோடு சேர்க்கலாம். ஈரல் கடைசியில்தான். சூப் கொதிக்கும்போது போட்டு ஐந்தாறு நிமிடம் விட்டால் போதும். அதற்கு மேல் கொதித்தால் மணல்மணலாக உதிரும், சூப்பும் கலங்கும். பிறகு மிளகும் சீரகமும் இடித்துத் தூவி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு இறக்குங்கள்.

● ஈரலை ஒட்டிப் பச்சை நிறத்தில் ஒரு சிறு பை தெரிகிறதா? அது பித்தப்பை. உடையாமல், சுற்றியுள்ள சதையோடு சேர்த்து வெட்டி எறியுங்கள். ஈரலில் பச்சைக்கறை பட்ட இடத்தையும் நீக்கிவிடுங்கள். ஒரு துளி பித்தநீர் போதும், சட்டி முழுக்கக் கசக்கும்.

● உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் ஈரல் மிருதுவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் வேண்டாம். கேம்பைலோபாக்டர் என்ற கிருமி ஈரலின் உட்புறத்திலும் இருக்கும். ஒரு துண்டை வெட்டிப் பார்த்து, நடுவிலும் நிறம் மாறியிருந்தால் மட்டும் இறக்குங்கள். குழாயடியில் பிடித்துக் கழுவாமல், பாத்திரத்து நீரில் மெதுவாக அலசுங்கள். தெறிக்கும் நீரோடு கிருமியும் தெறிக்கும்.

● இந்தோனேசியாவில் சோத்தோ ஆயம் என்ற கோழி சூப்புக்குத் துணையாக, குச்சியில் கோத்த ஈரலும் இரைப்பையும் கிடைக்கும். யூதர் வீடுகளில் ஈரலை நேரடியாகச் சூப்பில் போடமாட்டார்கள்; இரத்தம் வடிய முதலில் தீயில் வாட்ட வேண்டும் என்பது அவர்கள் சமயவிதி.

● 100 கிராம் ஈரலில் வைட்டமின் ஏ 3,000 மைக்ரோகிராமைத் தாண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் உச்ச வரம்பே அவ்வளவுதான். அதனால் வாரத்துக்கு ஒருமுறை போதும். கர்ப்பிணிகளும், யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஈரல் சாப்பிட வேண்டாம். மற்றவர்கள் அடுத்த முறை கறிக்கடையில் ஈரலையும் இரைப்பையையும் தனிப் பையில் கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள்.