பழைய ஜென்னுக்கு ஒரு குளிர்காற்றுக் குழாய்

என்னிடம் இருப்பது 2002 மாடல் மாருதி ஜென், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மே மாத மதியத்தில் ஏசி போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறினால் முனகும். மெக்கானிக்கிடம் காட்டினேன். "அந்த பிளாஸ்டிக் பாக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு கோன் ஃபில்டர் மாட்டுங்க சார், சத்தமே வேற மாதிரி இருக்கும்" என்றார். சத்தம் மாறும், அதில் சந்தேகமில்லை. இழுவை மாறுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் கணக்கு. இது 993 சிசி என்ஜின். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அந்த அளவு காற்றை இழுக்கும். 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு அதிகபட்சம் சுமார் 3000 லிட்டர். ஆனால் பெட்ரோலை எரிப்பதற்கு லிட்டர் முக்கியமில்லை, அதில் எத்தனை கிராம் ஆக்சிஜன் இருக்கிறது என்பதே முக்கியம். காற்று சூடாக ஆக லேசாகும். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.18 கிலோ, 60 டிகிரியில் 1.06 கிலோ. பத்து சதவீதம் காணாமல் போய்விடுகிறது.

இதனால்தான் பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டும் கோன் ஃபில்டர் எனக்குச் சரியாகப் படவில்லை. அது இழுப்பது ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் சூடாக்கிய காற்றை. உறுமல் கூடுவதற்குக் காரணமும் எளிது: கம்பெனி பெட்டி அடக்கி வைத்திருந்த உறிஞ்சும் சத்தம் வெளியே வருகிறது. காது அதைப் பவர் என்று எடுத்துக்கொள்கிறது.

ஊகிக்காமல் அளந்துவிடலாம் என்று டிஎஸ்18பி20 சென்சார் இரண்டு வாங்கினேன். ஒன்றை ஃபில்டர் பெட்டியின் வாயிலும், இன்னொன்றை வெளிக்காற்றுக்காகக் கண்ணாடிக்குக் கீழேயும் வைத்து, ஆர்டுயினோவில் பதிவு செய்தேன். வெளியே 36 டிகிரி. 60 கி.மீ. வேகத்தில் போகும்போது பெட்டி வாயில் 52, சிக்னலில் நின்றால் 61.

காரணத்தைத் தேடி டார்ச் அடித்துப் பார்த்தால், பெட்டியின் வாயில் குழாய் பொருத்தும் விளிம்பு இருக்கிறது, குழாய்தான் இல்லை. எப்போதோ ஒரு சர்வீஸில் யாரோ கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டவில்லை. 'கோல்டு ஏர் இன்டேக்' என்று தனியாக விற்கிறார்களே, அந்த வேலையைச் செய்யும் குழாய் பெரும்பாலான கார்களில் கம்பெனியிலிருந்தே வருகிறது. நான் செய்ய வேண்டியிருந்தது காணாமல் போனதைத் திரும்ப வைப்பது மட்டும்தான்.

63 மி.மீ. பிவிசி பைப் ஒரு துண்டு, ஒரு எல்போ, என்ஜின் ஆட்டத்தைத் தாங்க நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ், இரண்டு கிளாம்ப். கவனிக்க வேண்டியவை மூன்று. பைப் பெட்டியின் வாயைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. பிவிசி 80 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும், ஆகவே எக்ஸாஸ்ட் பக்கம் போகவே கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: கைவேலை எல்லாம் ஃபில்டருக்கு முன்னாலேயே முடிய வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் சின்ன இடைவெளி விழுந்தாலும் வடிகட்டாத தூசி நேராக சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்த்துவிடும்.

குழாயின் வாயை பம்பருக்குக் கீழே வைத்தேன். அங்கேதான் காற்று மிகக் குளிர்ச்சி, 37 டிகிரி. பெருமையாக இருந்தது. நவம்பர் வரை.

ஒரு மழை நாளில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது. முன்னால் போன ஆட்டோ போய்விட்டதே என்று நானும் மெதுவாக இறக்கினேன். நடுவில் என்ஜின் ஒரு இருமல் இருமி நின்றது. தண்ணீரைக் காற்றைப்போல் அழுத்த முடியாது. இந்த என்ஜினில் ஒரு சிலிண்டர் 248 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 30 மில்லி, அதாவது இருமல் மருந்து மூடி இரண்டு மூன்று. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வர முடியாது, கனெக்டிங் ராடு வளையும். திரும்பவும் சாவியைத் திருப்பாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் செய்ததும் ஒரு ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. மெதுவாகப் போனதால் ராடு தப்பியது. மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை, பைப்பை மட்டும் பார்த்தார்.

இப்போது வாய் கிரில்லின் மேல் விளிம்பில், ரேடியேட்டருக்கு முன்பக்கம் இருக்கிறது. ஓடும்போது 39 டிகிரி. அந்த இரண்டு டிகிரியை மழைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பலன் என்ன? 52-லிருந்து 39 என்றால் அடர்த்தி சுமார் 4 சதவீதம் கூடுகிறது. மூன்றாவது கியரில் 40-லிருந்து 80-க்குப் போக முன்பு சராசரி 9.6 விநாடி, இப்போது 9.3. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையிலேயே அரை விநாடி வித்தியாசம் வருவதால் இதைச் சாதனை என்று சொல்ல மாட்டேன். வேகத்தில் காற்று தானாக அழுந்தி உள்ளே போகும் என்பார்கள். 100 கி.மீ. வேகத்தில்கூட அந்த அழுத்தம் சுமார் 450 பாஸ்கல், வளிமண்டலத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. மைலேஜும் மாறவில்லை. மாறவும் வேண்டியதில்லை, ஏனென்றால் சாதாரண ஓட்டத்தில் திராட்டில் பாதி மூடித்தான் இருக்கிறது, காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது மட்டும்தான் இந்த 4 சதவீதம் வேலைக்கு வரும்.

மேம்பாலத்தில் முனகல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, போகவில்லை. உங்களிடம் பழைய கார் இருந்தால் எதையும் வாங்குவதற்கு முன் பானெட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருமுறை பாருங்கள். குழாய் இல்லையென்றால் மாட்டுங்கள். மாட்டும்போது மழைக்காலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.