பனிக்காலச் சைக்கிளும் பத்து நாள் கெடுவும்

டிசம்பர் நடுவில் ரொறன்ரோவில் பின்னேரம் 4:40 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். வேலையோ வகுப்போ முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் இருட்டில்தான் திரும்புகிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் படிக்க வந்து, பகலில் கல்லூரி, இரவில் மின்சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என்று ஓடுகிறவர்கள் அவர்கள். என்ன உடுப்புப் போட வேண்டும் என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் நிறைய. விழுந்து அடிபட்டால் மறுநாள் யாருக்கு, எந்தத் திகதிக்குள் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. சட்டம் தந்த உரிமையை நாம் கைவிட்டுவிடுவது அந்த முதல் சில நாட்களில்தான்.

பனிக்காலத்தில் சைக்கிள் ஓடுவது பைத்தியக்காரத்தனம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபின்லாந்தின் ஊலு நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பனியில் சைக்கிளில் போகிறார்கள். பனிக்காலச் சைக்கிளோட்டத்துக்கென்றே ஒரு சர்வதேச மாநாடு 2013ல் அங்கேதான் தொடங்கியது. இங்கே ரொறன்ரோவில் ஏரிக்கரையை ஒட்டிய மார்ட்டின் குட்மன் பாதையில் கோடை காலத்தில் நடப்பவர், ஓடுபவர், நாயோடு வருபவர் என்று ஒரே நெரிசல். ஜனவரியில் அதே பாதை உங்களுடையது. மைனஸ் பத்தில் காய்ந்த பனிமேல் ரயர் நறநறவென்று ஓடும். முதல் பத்து நிமிடம் கை கால் விறைக்கும், பிறகு உடம்பு தானாகச் சூடேறி ஜக்கெற்றின் சிப்பைச் சற்று இறக்கிவிடச் சொல்லும். நாலு மாதம் வீட்டுக்குள்ளும் நிலக்கீழ் அறைக்குள்ளும் அடைந்து மனம் சோர்கிற ஊரில், பகல் வெளிச்சம் முகத்தில் படுவதே பெரிய ஆறுதல். அந்தச் சந்தோசத்தை யாரும் இழக்கக் கூடாது என்பதால்தான் ஆபத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஆபத்து கடுங்குளிரில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் மைனஸ் பதினைந்தை விடப் பூச்சியத்தை ஒட்டிய நாள்தான் மோசம். பகல் வெயிலில் உருகிய தண்ணீர் மாலையில் திரும்ப உறைந்து, ஈரத் தார் போலவே தெரியும் பிளாக் ஐஸாகிவிடும். மெல்லிய நீர்ப்படலம் மேலே இருக்கும்போது ஐஸின் வழுக்கல் இன்னும் கூடும். இந்த இடங்களில் ஹாண்டிலைத் திருப்பக் கூடாது, முன் பிறேக்கைத் தொடக் கூடாது. மிதிப்பதை நிறுத்தி, வண்டியை நேராகவே உருளவிட்டுக் கடக்க வேண்டும். ஸ்ரீட்கார் தண்டவாளம் இன்னொரு பொறி. குவீன் வீதியிலோ கொலிஜ் வீதியிலோ இடப்பக்கம் திரும்பும்போது, பனியில் நனைந்த இரும்பைச் சாய்வாகக் கடந்தால் முன்சில்லு பள்ளத்துக்குள் விழும் அல்லது அதன்மேல் சறுக்கும். வேகத்தைக் குறைத்துச் செங்குத்தாகக் கடப்பது ஒன்றே வழி. நவம்பரில் கார்களுக்கு ஸ்னோ ரயர் மாற்றுவது போலச் சைக்கிளுக்கும் உலோக முள் பதித்த ரயர் இருக்கிறது. நாளாந்தம் ஓடுகிறவர் வேறு எதற்குச் செலவழிக்கும் முன்னும் இதற்குச் செலவழிக்கலாம்.

காற்றோடு சேர்த்த குளிர் மைனஸ் 27க்குக் கீழே இறங்கினால், மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் உறைபனிக் காயம் அடையலாம். வேகமாகப் போகிறவரின் முகத்தில் அடிக்கும் காற்று அதை இன்னும் கூட்டும். மூக்கு நுனியோ விரலோ வெளுத்து மரத்துப்போனால், தேய்க்க வேண்டாம், ஹீற்றரில் காட்ட வேண்டாம். மரத்த தோலுக்குச் சூடு சுடுவது தெரியாது. உடம்புச் சூட்டளவு தண்ணீரில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் உடனே வைத்தியரிடம் போங்கள். மின்சைக்கிள் வைத்திருப்பவருக்கு இன்னொன்று: வெளியில் நின்று உறைந்த லித்தியம் பற்றரியை வந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து பற்றரி பழுதாகும், தீ ஆபத்தும் கூடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் வைத்து எக்காரணத்துக்காகவும் சார்ஜ் போடாதீர்கள்.

இனிச் சட்டம். ஒன்ராறியோவில் சைக்கிளும் ஒரு வாகனம். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிருந்து உதித்து அரை மணி கழியும்வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும். அதாவது டிசம்பரில் பின்னேரம் நாலு பத்துக்கே விளக்கு எரிய வேண்டும். மின்சைக்கிள் ஓட்ட 16 வயது ஆகியிருக்க வேண்டும், எந்த வயதினருக்கும் ஹெல்மெற் கட்டாயம்.

கடமைக்கு ஈடாக உரிமையும் இருக்கிறது. உங்களை முந்தும் கார், முடிந்தவரை ஒரு மீற்றர் இடைவெளி விட வேண்டும். பார்க்காமல் கார்க் கதவைத் திறந்து உங்களை விழுத்துகிறவருக்கு 300 முதல் 1,000 டொலர்வரை அபராதம். சைக்கிள் பாதையில் பனியை ஒதுக்கிக் குவித்திருந்தால், அந்தக் குவியலுக்கும் காருக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. சாதாரண வாகனத் தடத்தில் நடுவாகப் போகலாம். பின்னால் ஹோன் அடிப்பவருக்காக ஐஸ் பிடித்த ஓரத்துக்கு ஒதுங்கி விழுந்தால் வலி உங்களுக்குத்தான்.

கார் மோதிவிட்டால், எழும்பி உடுப்பைத் தட்டிவிட்டு "ஐ ஆம் ஓகே" என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். நம்மில் பலர் செய்வது அதுதான். விசா, வேலை, வீண் பிரச்சினை என்ற பயம். காயம் என்றால் பொலிஸுக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். கார் இலக்கம், ஓட்டியவரின் காப்புறுதி விபரம், பார்த்தவர்களின் தொலைபேசி இலக்கம், வீதியின் படம், எல்லாவற்றையும் எடுங்கள். அன்றே வைத்தியரைப் பாருங்கள். நீங்கள் கார் வைத்திருக்காவிட்டாலும், யார்மேல் பிழை என்றாலும், வாகனக் காப்புறுதியின் விபத்து உதவி உங்களுக்கு உண்டு. உங்களுக்கோ துணைக்கோ கார்க் காப்புறுதி இருந்தால் அந்த நிறுவனம், இல்லாவிட்டால் மோதிய காரின் நிறுவனம், அதுவும் இல்லையென்றால் மாகாண அரசின் நிதியம். ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதி கிடைக்காத வெளிநாட்டு மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் 7 நாட்களுக்குள் அந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் கிடைத்து 30 நாட்களுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். தாமதித்தால் தகுந்த காரணம் காட்ட வேண்டிவரும். 2026 ஜூலை 1 முதல் மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு தவிர்ந்த உதவிகள், வருமான இழப்புத் தொகை உட்பட, கட்டாயமாக அல்லாமல் காசு கட்டிச் சேர்க்கும் தெரிவாகின்றன. கார் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைப் பற்றித் தங்கள் காப்புறுதி முகவரிடம் இப்போதே கேளுங்கள்.

வழக்குக்குப் போனாலும் ஒரு சாதகம் உண்டு. கார் சைக்கிள்காரரை மோதியிருந்தால், தன்மேல் பிழையில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கார்க்காரர். வழக்குப் போட இரண்டு ஆண்டு இருக்கிறது. வழக்குப் போடப் போவதாக எழுத்தில் அறிவிக்க 120 நாட்கள்.

கார் எதுவும் இல்லாமல் மாநகரசபையின் துப்பரவாக்காத வீதியில் விழுந்தால் கெடு இன்னும் குறுகியது. விழுந்த இடம், நேரம், என்ன நடந்தது என்று 10 நாட்களுக்குள் நகரச் செயலாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நகரச் சேவை இலக்கமான 311க்கு அழைத்து முறையிட்டதை இந்த அறிவித்தலாக நினைத்து இருந்துவிடாதீர்கள். நடைபாதை ஐஸ் என்றால் சபையின் பாரதூரமான கவனயீனத்தைக் காட்ட வேண்டும் என்பதால், பனி உருகுமுன் எடுத்த படம்தான் உங்கள் சாட்சி. கடை வாசல், அடுக்குமாடியின் முற்றம் போன்ற தனியார் இடமென்றால் 60 நாட்கள்.

சாப்பாடு விநியோகம் செய்யும் பிள்ளைகளுக்கு: 2025 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, ஓர் ஓர்டரை ஏற்றதிலிருந்து கொடுத்து முடிக்கும்வரையான நேரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் தரப்பட வேண்டும். பனியில் மெதுவாகப் போனால் அந்த நேரமும் கணக்கில் வரும். உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்கவும் முடியாது. தொழில் அமைச்சில் முறையிடலாம்.

ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் ஒன்ராறியோ தெற்காசியச் சட்ட உதவி நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம், தமிழிலும் பேசலாம். சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக ஒரு சட்டத்தரணியிடம் முப்பது நிமிடம்வரை கட்டணமின்றிக் கேட்கலாம். விபத்துக் காயத்துக்கென்று வருகிற சட்டத்தரணி எவரும் வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கட்டணம் எத்தனை வீதம் என்று எழுத்தில் வாங்குங்கள்.