கிராணிக்கும் கூலிக்கும் ஒரே கட்டம்

1941ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் படிப்புக்கு வழி செய் என்றெல்லாம் கோரிக்கைகள் எழுந்தன. அந்தப் பட்டியலில் இரண்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வெள்ளைக்காரத் துரையோ, தோட்ட எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டிய கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது ஒன்று. கொடுமை செய்யும் ஆசிய அலுவலர்களை நீக்கிவிட்டுத் தமிழ் பேசுகிறவர்களை வைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

போராட்டத்தை முன்னின்று நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெள்ளைக்காரனிடம் பேசப் போனபோது அவர்கள் ‘இந்தியர்’. தோட்ட ஆபீஸ் படியில் நின்றபோது அந்தப் பெயர் உதவவில்லை. ஆபீசுக்குள் உட்கார்ந்திருந்த கிராணிகளில் பெரும்பாலோர் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும். சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன அதிகாரம் அவர்களிடமும் இருந்தது.

‘இந்தியர்’ போன்ற இனக் கட்டங்களைப் போட்டதே ஆங்கிலேயர்தான். தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் குடிக்கணக்கில் இனப் பெயர்கள் நீளமான பட்டியலாகவே இருந்தன. 1891இல் ‘தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்’ என்று ஒரு தொகுப்பு வந்தது. கூலிக்கு வந்தவர்களில் தமிழர் அதிகம் என்பதால் தமிழர் தலைப்பில் இருந்தார்கள், மற்றவர்கள் வாலில். பிறகு தலைப்பே ‘இந்தியர்’ ஆனது. 1957 கணக்கில் இலங்கைத் தமிழர் ‘மற்றவர்’ பத்தியில் இருந்தார்கள். பின்னால் வந்த கணக்கெடுப்புகளில் இந்தியருக்குள் வந்து சேர்ந்தார்கள். ஆள் மாறவில்லை, பத்திதான் மாறியது. சீக்கியர்களை மலாய்க்காரர்கள் ‘பெங்காலி’ என்றார்கள். நம்மவர்களும் ‘வங்காளி’ என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல் ஏறி வந்ததால் வந்த பெயர் என்பார்கள்.

‘இந்தியர்’ என்பது வெறும் காகிதப் பெயர் என்று தள்ளிவிடவும் முடியாது. 1946இல் ஜான் திவி மலாயா இந்தியர் காங்கிரஸை (ம.இ.கா.) தொடங்கியபோது அந்தப் பெயரில்தான் ஆள் சேர்ந்தது. அடுத்து வந்த தலைவர்களில் சீக்கியரான பூத் சிங்கும் இருந்தார். 1955இல் சம்பந்தன் தலைமைக்கு வந்த பிறகுதான் தோட்டத் தமிழர் கூட்டமாக உள்ளே வந்தார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தைப் பல ஆண்டுகள் நடத்திய பி. பி. நாராயணன் மலையாளி, கிராணிகளின் கதையை மட்டும் கேட்டவர்களுக்கு அது ஒரு நல்ல மறுமொழி. சிறிய கூட்டம் பேரம் பேசப் போகும்போது பெரிய பெயர் கைகொடுக்கும். பிரிட்டனில் 1970களில் ஆசியர்களும் கரீபியர்களும் ‘கறுப்பர்’ என்ற ஒரே பெயரில் சேர்ந்து போராடினார்கள்; 1979இல் சவுத்ஹாலில் ஆசியப் பெண்களும் கரீபியப் பெண்களும் தொடங்கிய அமைப்பின் பெயரிலேயே அந்தச் சொல் உண்டு.

நம் ஊரில் இந்தப் பெயர்கள் வேலைக்கு ஒன்றாகப் பிரிந்துகிடப்பது வேடிக்கை. கட்சி இந்தியருடையது. பள்ளிக்கூடம் தமிழ்ப்பள்ளி. 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்ற கூட்டத்தைக் கூட்டிய அமைப்போ ஹிண்ட்ராஃப், அதாவது இந்துக்களுடையது. தமிழ் முஸ்லிமின் நிலை இன்னும் சிக்கல். அரசியல் சாசனத்தின் 160ஆவது பிரிவு மலாய்க்காரர் என்றால் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், மலாய் பேசுபவர், மலாய் வழக்கத்தில் நடப்பவர் என்கிறது. கோலாலம்பூரில் மூன்று தலைமுறையாக நாசிக் கண்டார் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு எந்தக் கட்டம் என்பது அந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஆளுக்கொரு விடையாக இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், கேட்பதற்கு உதவிய பெயரைக் கொண்டே அளக்கவும் தொடங்கியதில். 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை பங்குரிமையை 30, 40, 30 என்று வகுத்தது. பூமிபுத்திரருக்கு (மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடியினருக்கும்) 30 விழுக்காடு, ‘மற்ற மலேசியருக்கு’ 40, வெளிநாட்டவருக்கு 30. அந்த நாற்பதுக்குள் சீன வங்கி முதலாளியும் பால்மரம் வெட்டும் தமிழ்ப் பெண்ணும் ஒன்றாக நின்றார்கள். இந்தியரைத் தனியாகப் பிரித்துப் பார்த்தாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர் சுமார் 6.7 விழுக்காடு. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து டாக்டரான யாழ்ப்பாணத்தார் பேரனும் அதில் அடக்கம், காப்பாரில் லாரி கிளீனராக இருக்கும் தோட்டத் தொழிலாளி மகனும் அடக்கம். இருவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைப்பது இருவருக்கும் பொருந்தாத ஒரு வருமானம். ‘இந்தியர் முன்னேறிவிட்டார்கள்’ என்பவரும் ‘இந்தியர் பின்தங்கிவிட்டார்கள்’ என்பவரும் அந்த ஒரே எண்ணைக் காட்டிச் சண்டை போடலாம், போடுகிறார்கள்.

காப்பார்க்காரரின் இன்றைய நிலையை விளக்குவது அவருடைய இனமல்ல, அவருடைய குடும்பத்தின் வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பது. இன்றைய ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். கிள்ளான் ஓரத்தில் புக்கிட் ராஜாவில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இப்போது மாடி வீடுகள். தோட்டம் விலைபோனால் வேலையும், லயத்து வீடும், ஆயாக்கொட்டகையும், கோவிலும், பள்ளிக்கூடமும் ஒரே நாளில் கேள்விக்குறியாகும். வீடு வேலையோடு ஒட்டியிருந்ததால் போனவர்கள் கையில் மனைப்பட்டாவும் இல்லை. இது சிந்திக்கோ, பஞ்சாபிக்கோ, செட்டிநாட்டு நகரத்தாருக்கோ நேர்ந்ததல்ல. ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் எத்தனை டிக் அடித்தாலும் இந்த வரலாறு தெரியவராது.

உதவித்தொகைக்கும், பங்கு முதலீட்டுக்கும், வீட்டுக்கும் பாரம் நிரப்பும்போது இனம் என்ற இடத்தில் இந்தியர் என்று போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது இல்லாவிட்டால் பட்ஜெட்டில் நமக்கென்று ஒரு வரிகூட வராது. ஆனால் அடுத்த வரியாக ‘அப்பா அம்மா எந்தத் தோட்டம், அது எந்த ஆண்டு மூடப்பட்டது, வெளியேறியபோது வீடு கிடைத்ததா’ என்று கேட்டால் கொடுக்கும் பணம் போகவேண்டிய வாசலுக்குப் போகும். கிள்ளானில் தெங்கு கெலானா சாலையில் பூமாலை வாங்க நிற்கும் பெரியவர்கள் அறிமுகமில்லாதவரிடம் முதலில் கேட்பதே ‘எந்த எஸ்டேட்டுங்க நீங்க?’ என்றுதான். நான் இதுவரை நிரப்பிய பாரம் எதிலும் அந்தக் கேள்வி இருந்ததில்லை.