குப்லாய் கான், சாபி உருவப்படங்கள்

குப்லாய் கான், சாபி உருவப்படங்கள் என்பன சீனாவின் யுவான் வம்சத்தை நிறுவிய மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானையும் (1215 - 1294) அவரது பேரரசி சாபியையும் காட்டும், பட்டுத்துணியில் தீட்டப்பட்ட இரு ஓவியங்கள் ஆகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த இவை தாய்பெய் நகரிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன.

அமைப்பு

இரண்டிலும் தலையும் மார்பும் மட்டுமே வரையப்பட்டுள்ளன. பின்னணி வெறுமையாக உள்ளது. பேரரசர் எளிய வெள்ளை அங்கி அணிந்துள்ளார். வெண்மை மங்கோலியர்களுக்கு மங்கல நிறம். பேரரசியின் தலையில் 'போக்தா' எனப்படும் உயரமான சிவப்புத் தலையணி முத்துக்களுடன் காணப்படுகிறது. மணமான உயர்குல மங்கோலியப் பெண்களின் அடையாளம் இது. சாபி 1281இல் இறந்துவிட்டார். இத்தகைய படங்கள் அலங்காரத்துக்கானவை அல்ல. கோயில்களில் அமைந்த நினைவு மண்டபங்களில் முன்னோர் வழிபாட்டுக்கு அரச உருவங்கள் தேவைப்பட்டன.

வரைந்தவர் யார்?

ஓவியங்களில் கையொப்பம் இல்லை. கலை வரலாற்றாளர் அன்னிங் ஜிங் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இவற்றை வரைந்தவர் நேபாளக் கலைஞர் அரனிகோ (1245 - 1306) என வாதிட்டார். சீன நூல்கள் இவரை அனிகே என்று குறிக்கின்றன.

திபெத்தின் சாக்யா மடத்தில் (இது புத்தர் பிறந்த சாக்கியர் குலத்தைக் குறிப்பதன்று) பொன் தூபி அமைக்க 1260இல் நேபாளத்திலிருந்து 80 கைவினைஞர்கள் சென்றனர். அவர்களின் தலைவராக இருந்த அரனிகோவுக்கு அப்போது வயது பதினேழைத் தாண்டவில்லை. அவரது திறமையைக் கண்ட பக்பா லாமா அவரைக் குப்லாயிடம் அழைத்துச் சென்றார். பேரரசர் வைத்த சோதனை விந்தையானது: அக்குபங்சர் மருத்துவத்துக்கான, பழுதுபட்ட வெண்கல மனித உருவம் ஒன்றைச் சீராக்க வேண்டும். அதை இதுவரை எவராலும் செய்ய இயலவில்லை. 1265இல் நாடிப் பாதைகள் அனைத்தும் அமைந்த புதிய உருவத்தை அரனிகோ முடித்தபோது அரசவைப் பொற்கொல்லர்களே வியந்ததாக யுவான் வரலாறு கூறுகிறது. பின்னர் அவர் அரசின் கைவினைஞர்கள் அனைவருக்கும் தலைமை ஏற்றார். பெய்ஜிங்கில் 1271 - 1279 காலத்தில் அவர் எழுப்பிய, ஏறத்தாழ 51 மீட்டர் உயர வெண்தூபி இன்றும் நிற்கிறது.

கோயில்களில் இருந்த பேரரசர்களின் உருவங்களை அரனிகோ பட்டில் நெய்ததாகவும், தூரிகை ஓவியங்கள் அவற்றுக்கு ஈடாகவில்லை என்றும் அதே வரலாறு குறிப்பிடுகிறது. ஜிங்கின் கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. எனினும் சான்று நெய்த உருவங்களைப் பற்றியது. தாய்பெய் படங்களோ தீட்டப்பட்டவை. ஆகவே இக்கருத்தை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது.

நெய்த உருவங்கள்

அரனிகோ நெய்தவை இன்று இல்லை. அம்மரபு எத்தகையது என்பதை நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள யமாந்தக மண்டலம் (ஏறத்தாழ 1330 - 1332) உணர்த்துகிறது. திபெத்தியப் பௌத்த மண்டலமான இது சீனத்தில் 'கெசி' எனப்படும் பட்டு நெசவு முறையில் ஆனது. கீழ் மூலைகளில் மங்கோலியப் பேரரசர் துக் தெமூர், அவரது அண்ணன் கோசிலா, இருவரின் துணைவியர் ஆகியோர் உள்ளனர். அவர்களின் பெயர்கள் திபெத்திய எழுத்தில் நெய்யப்பட்டுள்ளன.