கவலை என்னும் கவர்வழி

கவலை என்னும் சொல்லுக்கு மனத்துயர் என்பதே இன்று நாம் அறிந்த பொருள். பழந்தமிழ் நூல்களிலோ அதற்குக் கவர்த்த வழி, அஃதாவது பலவாகப் பிரிந்து செல்லும் பாதை என்னும் பொருளும் உண்டு. காட்டிடையே அத்தகைய இடத்தை அடைந்த வழிப்போக்கன், எவ்வழி ஊருக்குச் செல்லும், எவ்வழி புலியிடம் சேர்க்கும் என்று அறியாது திகைத்து நிற்பான். கவலையுற்ற உள்ளத்தின் நிலையும் அதுவேயன்றோ?

அச்சம் வேறு, கவலை வேறு. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவர் என நான்கு என்பார். (ஆசிரியரும் இத்தலைவருள் அடங்குவரோ என்று நீங்கள் வினவக்கூடும்!) இவையெல்லாம் கண்ணெதிரே நிற்பவை. கவலையோ நாளை வருவதை, ஒருகால் வாராமலே போவதை, இன்றே எண்ணி நடுங்குவது.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் இருந்தான். வெள்ளிக்கிழமை மாலைதோறும் எங்கள் பள்ளியில் இலக்கிய மன்றம் கூடும். தான் பேசவேண்டிய முறை வந்தபோதெல்லாம் அவன் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிடுவான். மறுநாட்காலை நோயின் சுவடே இன்றித் தெருவில் பந்தாடிக்கொண்டிருப்பான். பொய் சொல்கிறான் என்றே எண்ணினேன். ஒருநாள் கடிந்தும் பேசினேன். அஃது என் பிழை. அவன் வலி மெய்யான வலியே.

அமெரிக்க நாட்டு ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் உடலியற் பேராசிரியராக விளங்கிய வால்ட்டர் கேனன் என்பார், பூனைக்கு உணவூட்டி, அதன் இரைப்பையின் அசைவை ஊடுகதிர்க் கருவியால் நோக்கி வந்தார். பூனை கலக்கமுற்றபோதெல்லாம் அவ்வசைவு நின்றுபோதலைக் கண்டார். இத்தகைய ஆராய்ச்சிகளை 1915 ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். இடுக்கண் நேர்ந்ததென உள்ளம் உணர்ந்தவுடன், சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, குருதி வயிற்றை விட்டுக் கைகால் தசைகளுக்குப் பாய்கின்றது, நா வறள்கின்றது. ஓடவோ போரிடவோ உடல் ஆயத்தமாகின்றது. புலி எதிர்ப்படின் இவ்வாயத்தம் உயிரைக் காக்கும். மன்ற மேடையில் புலி இல்லை. ஆயினும் உடல் அதனை அறியாது.

ஆதலின், 'அஞ்சாதே' என்று சொல்வதால் விளையும் பயன் சிறிதே. நெஞ்சின் துடிப்பை நாம் விரும்பியவாறு அடக்க இயலாது. மூச்சை அடக்கியாள இயலும். உள்வாங்கும் நேரத்தினும் வெளிவிடும் நேரம் நீளுமாறு சில நிமிடம் மெல்ல மூச்சுவிடின், துடிப்பும் தணியத் தொடங்கும். கவலைகளை ஏட்டில் எழுதிப் பார்த்தலும் நன்று. உள்ளத்தில் சுழலும்போது நூறாகத் தோன்றியவை, எழுதும்போது மூன்றாகவோ நான்காகவோ சுருங்குதல் உண்டு.

இவற்றினும் அரியது, அஞ்சிய வழியை விட்டு ஓடாமை. வீட்டில் இருந்துவிட்ட மாலையில் அம்மாணவனுக்குக் கிட்டிய ஆறுதல் இனியதே. ஆனால் அவ்வாறுதலே அடுத்த முறையை இன்னும் கொடியதாக்கிற்று.

உறக்கமும் உணவும் கெட்டு, வாரக்கணக்கில் நீங்காத கவலையாயின், அது தானே தாங்கிக்கொள்ளத்தக்கதன்று. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி மருத்துவரை நாடவேண்டும். நடுவண் அரசு 2022 இல் தொடங்கிய டெலி மானஸ் அமைப்பினரை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துப் பேசவும் கூடும். காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணாத நாம் இதற்கு மட்டும் ஏன் நாணவேண்டும்?

அம்மாணவனிடம் மேடையைப் பற்றிப் பேசுவதையே நான் நிறுத்தினேன். முதலில் என் ஒருவன்முன் ஐந்து வரி பேசினான். அடுத்த வாரம் தோழர் இருவர் உடனிருந்தனர். பின்னர் வகுப்பில் பேசினான். நான்கு திங்கள் சென்றபின் மன்ற மேடையில் ஏறினான். பக்கத்தில் அமர்ந்திருந்தமையால், மேசையின் மறைவில் அவன் கால்கள் நடுங்குதலைக் கண்டேன். எதிரே இருந்தோர் அதனைக் காணவில்லை. பேசி இறங்கியவனிடம், "வயிறு வலித்ததா?" என்று வினவினேன்.

"வலித்தது ஐயா. பேசத் தொடங்கியபின் அதனை மறந்துவிட்டேன்" என்றான்.